டோனியின் சாவி

திண்டுக்கல் பெருமக்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி: வேடசந்தூர்ப் பஞ்சாலையின் இயந்திரங்களை இனி திண்டுக்கல் ஏசி அறையில் உட்கார்ந்தபடியே இயக்கலாம். முதலாளி ரிப்பன் வெட்டினார், சர்வருக்குச் சந்தனப்பொட்டு வைத்தார், எல்லாருடைய பொறுமையும் தீரும்வரை பேசினார். சர்வர் மட்டும்தான் கைதட்டவில்லை.

அந்த அறையில் ஞாயிறு மதியம் தனியாகச் சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்த அப்துல் ஹாதி, திரையைப் பார்த்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். ஆலை சர்வருக்குள் இரண்டு பேர் நுழைந்திருந்தார்கள். ஒருவன் ஹாதி. இன்னொருவன் டோனி.

டோனி அவனுக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவன். போன மாதம் கார்டிங் மெஷினுக்குள் சென்சார் மாட்டக் கையை விட்டபோது, பஞ்சைச் சீவும் முள் உருளை அவனைத் தோள்வரை இழுத்துச் சீவிவிட்டது. பாஸ்வேர்டு கேட்காமலே சர்வருக்குள் விடும் அவனுடைய சாவியை அன்றைக்கே அழித்திருக்க வேண்டும்.

"முப்பதாம் நாள் பூசை முடியட்டும்யா. அதுக்குள்ள செத்தவன் பேரை அழிக்கிறது பாவம்" என்று முதலாளி தடுத்துவிட்டார். டோனி வீட்டுக்கு எட்டிப் பார்க்க நேரமில்லாதவருக்கு அவன் சாவிமேல் அம்புட்டுக் கரிசனம்.

எவனோ சாவியைத் திருடிவிட்டான் என்றுதான் ஹாதி முதலில் நினைத்தான். எங்கிருந்து நுழைந்திருக்கிறான் என்று தேடினான். வெளிநாடு இல்லை, வெளியூர் இல்லை. திரை காட்டியது, டோனியை இழுத்த அதே கார்டிங் மெஷினின் நெட் முகவரியை. அந்த மெஷினுக்குள் இறங்கித்தான் இப்போது ஆலை ஃபிட்டர் சனாவுல்லா பஞ்சுத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாவியை அழித்தான். ஏசியின் முனகலும், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் சொட்டும் சத்தமும், சூடேறிய வயர் வாசனையும், அந்த வாசனைக்கு அடியில் மயிர் பொசுங்குவதுபோல் வந்த இன்னொரு வாசனையும் சேர்ந்து அறையை நிறைக்க, சாவிப் பட்டியலைத் திரும்பத் திறந்தான். சாவி இருந்தது. மறுபடி அழித்தான். இரண்டு இருந்தன.

போனை எடுத்தான்.

"சனா பாய், மெஷினை விட்டு வெளிய வாங்க. இப்பவே."

"ஏலே ஹாதி, ஞாயித்துக்கிழமயும் அதிகாரமா? மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் உள்ள கெடக்கேன். செத்த நேரம் பொறு."

"சொன்னாக் கேளுங்க பாய். டோனி பேர்ல யாரோ உள்ள வந்துருக்கான்."

"செத்தவனா? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" சனாவுல்லா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "யாருலே அது, கையப் புடிக்கிறது? ஏலே டோனி... விடுறா. கைய விடுறா!"

திரையில் எழுத்துகள் தாமாக விழுந்தன. இயக்கு.

ஹாதி இணைப்பைத் துண்டித்தான். எழுத்துகள் நிற்கவில்லை. நெட் வயரைப் பிடுங்கினான். வேகம், முழு அளவு.

போனில் அலறல். எலும்பு நொறுங்கும் சத்தம். பிறகு உருளையின் சீரான இரைச்சல்.

வயர் அவன் கையில் தொங்கியது. ஆலைக் கேமராவின் படம் வந்துகொண்டே இருந்தது. மெயின் சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. மெஷின் ஓடியது. முள் உருளையின் வாயில் ஒரு கை விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விரல்களை, தோலுரிந்த இன்னொரு கை கோத்துப் பிடித்திருந்தது. மறுமுனையில் பஞ்சுத் திரி, சிவப்பாக, ஈரமாக, டப்பாவுக்குள் வளையம் வளையமாக இறங்கியது.

தரச் சோதனையில் அந்தத் திரி முதல் தரமாகத் தேறியது.