சத்தம் இல்லாத கேசட்

"என்ன அண்ணி, மிச்சமிருக்கிறதையும் அழிக்கிறீங்களா?"

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் வந்து நின்றாள்.

அண்ணி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, பிரித்துப்போட்ட வீடியோ கேசட்டின் நாடாவில் படர்ந்த பூஞ்சையைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கைவிரித்த கேசட்டுகள் அவை. அவளே பழைய பிளேயர் ஒன்றைத் தேடி வாங்கினாள்; கம்ப்யூட்டரோடு இணைக்கப் பழகினாள். ஒவ்வொன்றையும் முழுசாக ஓடவிட்டுத்தான் பதிய முடியும். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. அவளுக்கோ பொறுமை பிறவிச் சொத்து.

நாத்தனாரின் கல்யாணக் கேசட்டின் மேல் தன் குழந்தை நடப்பதைப் பதிவு செய்துவிட்டாள் என்ற பழியை அந்தப் பொறுமையால்தான் சுமந்தாள். எந்த விசேஷத்திலும் அதே குத்தல்.

இப்போது பிளேயரில் ஓடியது அந்தக் கேசட்தான். திரையில் குழந்தை தத்தித் தத்தி வந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை அதை நோக்கி நீண்டது.

"அப்பா கை...!" நாத்தனாரின் குரல் உடைந்தது. அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. "சத்தம் எங்கே அண்ணி?"

"பழைய கேசட்டும்மா... சத்தம் போயிடுச்சு."

மஞ்சள் ஒயர் மட்டும் செருகியிருந்தது. சத்தத்துக்கான வெள்ளையும் சிவப்பும் மேசைமேல் கிடந்தன.

"அப்பா குரலைக்கூட எனக்குத் தர மாட்டீங்களா...? அப்படி என்ன பாவம் பண்ணேன்!"

அண்ணி தடுப்பதற்குள் இரண்டையும் செருகிவிட்டாள்.

அதற்குள் படத்தில் மேசைக்கால் மட்டும் தெரிந்தது. கேமராவை நிறுத்தத் தெரியாமல் கீழே வைத்திருக்கிறார் அப்பா.

"ஐயையோ, கேசட்டை மாத்தாமலே எடுத்துட்டேனேம்மா... பாப்பா கல்யாணம் போச்சே! இனி என் முகத்துல முழிப்பாளா?"

"அழாதீங்க மாமா. நான் எடுத்தேன்னு சொல்லிக்கிறேன். என்னைத் திட்டினா ரெண்டு நாள்ல மறந்துடுவா. உங்களைத் திட்டினா அவளாலேயே தாங்க முடியாது."

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாளா அண்ணி...? இத்தனை வருஷம் திட்டினேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மாமாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அதுவுமில்லாம, நீ திட்டினதுல பாதி காதுலயே விழல. மிக்சி ஓடிட்டிருக்கும்."

சிரிப்பும் அழுகையும் கலந்து அவளைக் கட்டிக்கொண்டாள் நாத்தனார். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. படம் குலுங்கியது, கோடு கோடாய்ப் போனது, மேசைக்கால் மறைந்து சட்டென்று ஒரு கார் வந்தது. கல்யாணக் கார்! கடைசிப் பகுதி அழியாமல் இருந்திருக்கிறது. அன்று குழந்தையைப் பார்த்த கோபத்தில் நாத்தனார் நிறுத்தியதுதான்; அதற்குப் பிறகு யாரும் போட்டுப் பார்க்கவேயில்லை.

திரையில் மணப்பெண் கார்க் கதவைப் பிடித்தபடி அடம்பிடித்தாள்.

"அண்ணியும் வந்தாத்தான் ஏறுவேன்!"

சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணியின் மடியில் புதைத்த முகத்தை நாத்தனார் நிமிர்த்தவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.