சுண்ணாம்புச் சுவரில் நான்கு விரல்கள்

காலை 10.40.

"காணோம்" என்றாள் தையல்காரி. இத்தோடு எட்டாவது முறை.

மாடி அறையில் தகரப்பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. காணாமல் போனது ஒரு பழைய வரைபடம். இந்த நான்கு கடைகளையும் அவற்றின் மேலுள்ள நான்கு வீடுகளையும் ஒரே கூரையின் கீழ் கட்டியபோது வரைந்தது. வயது நூற்றைம்பதுக்கு மேல். கட்டடம் இற்றுப்போய்விட்டது, இடிக்க வேண்டும் என்று உரிமையாளர் நகராட்சியில் மனுப் போட்டிருந்தார். முடிவு சொல்லப் பன்னிரண்டு மணிக்குப் பொறியாளர் வருகிறார். வரைபடம் இருந்தால் எடுத்து வையுங்கள் என்று அவர்தான் கேட்டிருந்தார். அது இல்லையென்றால் நான்கு குடும்பமும் தெருவில்தான்.

தெருமுனையில் காவலுக்கு நின்ற பெண் ஏட்டைக் கையோடு இழுத்து வந்திருந்தாள். ஏட்டம்மாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம். ஆனாலும் ஓரிடத்தில் நிற்கமாட்டார். நின்றால் இன்னும் வலிக்குமாம்.

"கடைசியா எப்போ பார்த்தே?"

"ஒம்பது அம்பதுக்கு. பத்து மணிக்குக் கரண்ட் போச்சு. மெஷின் ஓடல, அதனால கீழே முன்பக்கம், வாசல் வெளிச்சத்துல, மாடிப்படிக்கு அடியில உக்காந்து துணி வெட்டிக்கிட்டு இருந்தேன். பத்தரைக்கு மேலே வந்தா பெட்டி காலி."

"பின்கதவு?"

"தாழ் போடல. அந்தப் பக்கமா வந்து படியேறினா குறுக்குச் சுவர் மறைச்சிடும். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"படியில சத்தம் கேட்டுச்சா?"

"ஒண்ணுமே கேக்கல."

ஏட்டம்மா முகத்தைச் சுளித்தார். ஏறி வரும்போது அவரே ஏழாவது படியில் கால் இடறி, கைப்பிடியைத் தாவிப் பிடித்து, வீடே அதிர விழப் பார்த்திருந்தார்.

"அந்தப் படி ஒரு விரக்கடை உசரம் கூட. புதுசா வர்ற எல்லாரும் இடறுவாங்க" என்றாள் தையல்காரி. "எங்க பழைய படிக்கட்டு எல்லாத்துலயும் ஏழாவது அப்படித்தான். கட்டினவன் தலையெழுத்து."

ஏட்டம்மா டார்ச்சை அடித்து இறங்கினார். ஜன்னலே இல்லாத படிக்கட்டு. பொறியாளர் வருகிறார் என்று நேற்றுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஏறும்போது வலது பக்கம் மரக் கைப்பிடி. இடது பக்கம் வெறும் சுவர். அந்த வெறும் சுவரில், இடுப்பு உயரத்தில், மடங்கிய நான்கு விரல்கள் இழுத்துக்கொண்டு போன தடம். படிக்குப் படி அதே உயரம்.

"இருட்டுல தடவிட்டுப் போயிருக்கான்" என்றாள் தையல்காரி. "கட்டட ஓனரோட ஏஜெண்டுதான். காலையில வாசல்ல நின்னு மிரட்டிட்டுப் போனான். நேத்து நான் படத்தைக் காட்டினப்பவும் இங்கதான் சுத்திக்கிட்டு இருந்தான்."

"வேற யாருக்குக் காட்டினே?"

"மூணு கடைக்கும்தான். கோடு கோடா இருந்துச்சு, எங்களுக்கு என்ன புரியும்? கடிகார அண்ணன் மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாரு. நல்ல மனுஷன். என் கூரையில விரிசல் விழும்போதெல்லாம் அவர்தான் வந்து பூசிக் கொடுப்பாரு."

காலை 11.05. முதல் கடை, ரொட்டிக்கடை. தையல்கடையைப் போலவே நடுவில் குறுக்குச் சுவர். முன்னால் வியாபாரம், பின்னால் அடுப்பு. ரொட்டிக்காரர் கையெல்லாம் மாவு.

"எங்க இருந்தீங்க?"

"அடுப்புகிட்ட. கரண்ட் போனா அடுப்பு அணையுமா?"

ஏட்டம்மா அவர் வீட்டுப் படியேறினார். கைப்பிடி வலது பக்கம். முழங்கால் வாழ்த்தியது.

காலை 11.15. நான்காவது கடை, புத்தகம் பைண்டு செய்பவர். உள்படிக்கட்டைக் கரையான் தின்றதால், அவர் குடிவருமுன்பே அடைத்துவிட்டார்கள். வெளியே இரும்பு ஏணிப்படி, இரண்டு பக்கமும் கம்பி.

"ஏழாவது படியா? என்ன விசேஷம் அதுல?" என்று கேட்டார். நடிப்பாகத் தெரியவில்லை.

காலை 11.25. இரண்டாவது கடை, கடிகாரக்கடை. வரிசையிலேயே விசாலமானது. குறுக்கே எதுவும் இல்லாமல் வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே கூடம்.

படியேறிய ஏட்டம்மா பழக்கதோஷத்தில் வலது கையை நீட்டினார். வெறும் சுவரில் விரல் இடித்தது.

"இந்தப் பக்கம், ஏட்டம்மா" என்றார் பின்னால் வந்த கடிகாரக்காரர். "எங்க வீட்ல பிடி இடது பக்கம். ரெண்டு ரெண்டு வீடா, கண்ணாடியில பாக்குற மாதிரி மாத்திக் கட்டியிருக்காங்க."

ஏட்டம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று முதல்முறையாக.

காலை 11.40. தையல்கடையில் எல்லோரும் கூடினார்கள்.

"ஏஜெண்டு இல்ல" என்றார் ஏட்டம்மா. "வெளியாளா இருந்தா ஏழாவது படியில இடறியிருப்பான். கரண்ட் இல்லாத நிசப்தத்துல, படிக்கு அடியிலயே இருந்த இவளுக்குக் கேட்டிருக்கும். பைண்டருக்கும் அந்தப் படி தெரியாது. வந்தவருக்குத் தெரியும். ஆனா அவர் கை, பிடியே இல்லாத பக்கம் பிடியைத் தேடியிருக்கு. ரொட்டிக்காரர் கை வலது பக்கம் போயிருக்கும். தினமும் இடது பக்கம் பிடிச்சு ஏறுற ஆள் இங்க ஒருத்தர்தான்."

கடிகாரக்காரர் மெதுவாகச் சொன்னார். "இந்த வீட்ல பிடி எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும். இருட்டுல, அவசரத்துல, உங்க கைக்குத் தெரியல."

அவர் எழுந்து தன் கடைக்குப் போனார். பெரிய சுவர்க்கடிகாரத்தின் வயிற்றிலிருந்து வரைபடத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

"கிழிக்க மனசு வரல. அஞ்சு வருஷம் முன்னாடி, கடை பெருசாகணும்னு நடுச்சுவரை இடிச்சேன். அப்புறம்தான் எல்லார் வீட்லயும் விரிசல். படத்துல அந்தச் சுவர் இருக்கு. எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?"

தையல்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அதுக்குத்தான் ஓடி ஓடி வந்து என் கூரையைப் பூசினீங்களா, அண்ணே?"



பன்னிரண்டு மணிக்குப் பொறியாளர் வந்தார். படத்தை விரித்தார். கடிகாரக்கடையைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி படத்தைப் பார்த்தார்.

"வயசானதால விரிசல் விடலீங்க. சுவர் போனதால விட்டிருக்கு. சுவரைத் திரும்ப வெச்சா, இடிக்க வேண்டிய அவசியமே இல்ல. இந்தப் படம் இல்லாம இருந்திருந்தா நான் இடிக்கத்தான் எழுதியிருப்பேன்."

தையல்காரி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றிக் கடிகாரக்காரரிடம் நீட்டினாள்.

"வாங்க, அளந்து காட்டுங்க. அந்தச் சுவர் எங்க இருந்துச்சு?"