மிட்டாயின் லைவ்

மாடிப்படியில் உருண்டு விழுந்த மிட்டாய் அழவில்லை. முழங்காலில் ரத்தம் வழிய எழுந்து நின்று, "போன்ல எடுத்துட்டியாம்மா?" என்று கேட்டாள். ஆறு வயது.

அம்மாக்காரி ஓடிவந்து ரத்தத்தைத் துடைத்தாள். துடைக்கட்டும். முதல் பல் விழுந்து குழந்தை அழுதபோது, வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி அழச் சொன்ன மகராசி அவள்தான். காய்ச்சல், ஊசி, செத்துப்போன மீன்குஞ்சு, எல்லாவற்றையும் தன் வீடியோ பக்கத்தில் போட்டு ஊருக்குப் படம் காட்டியாயிற்று. "என் பொண்ணு கையில போனே குடுக்கிறதில்லை" என்ற பீற்றல் வேறு!

மருந்து போட்டுப் படுக்கவைத்தாள். பொழுது சாய்ந்தது. சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தமும், காயாத துணியின் ஈரவாடையும், சுவரில் நீண்டு ஏறிய ஜன்னல்கம்பி நிழலும் சேர்ந்து, அன்றைக்கு ஏனோ அது வேறு யாருடைய வீடோ என்று தோன்ற, ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டே வந்தாள். போன் அடித்தது. தங்கை.

"அக்கா, உனக்கு அறிவிருக்கா? மொதல்ல லைவை நிறுத்து. குழந்தை அந்த அழு அழறா!"

"எந்த லைவ்? போன் என் கையிலதானே இருக்கு?"

பக்கத்தைத் திறந்தாள். ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் மிட்டாயின் முகம், மூக்கு கண்ணாடியில் அழுந்தும் அளவுக்குக் கிட்டத்தில். விக்கி விக்கி அழுதாள். முகத்தின்மேல் சிவப்பு இதயங்கள் மிதந்தன. 'செம க்யூட்', 'இன்னும் கொஞ்சம் அழு செல்லம்' என்று கீழே எழுதிக்கொண்டிருந்தார்கள் கேடுகெட்டவர்கள். இவள் தீனி போட்டு வளர்த்த கூட்டம்தானே!

நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. போனையே அணைத்தாள். அணையவில்லை.

அறைக்கு ஓடினாள். கட்டிலில் மிட்டாய் உட்கார்ந்திருந்தாள். சிரித்துக்கொண்டு. கண்ணில் ஈரமே இல்லை.

அப்பாடா! வாரி அணைத்துக்கொண்டாள். உடம்பு சில்லென்றிருந்தது. வழவழவென்று, கண்ணாடியாட்டம்.

கையிலிருந்த போன் கதறியது.

"அம்மா, அது நான் இல்லைம்மா! நான் இங்க இருக்கேன். என்னை வெளிய எடும்மா. நிறைய பேர் வராங்க."

கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இறுகின.

திரையில், குழந்தைக்குப் பின்னால் இருட்டு அசைந்தது. ஒரு கட்டைவிரல். பிறகு நூறு. மிட்டாயின் முகத்தில் பதிந்தன. அடுத்த வீடியோவுக்குத் தள்ளுகிற மாதிரி மேலே தள்ளின.

"மிட்டாய்! அம்மாவைப் பாரு!"

நெற்றி போயிற்று. கண் போயிற்று. அழுகிற வாய் கடைசியாக நழுவி மறைந்தது.

திரையில் அவளிடத்தில் வேறு யாரோ பெற்ற பிள்ளை வந்தது. அதுவும் அழுதது.