முடிச்சு எந்தப் பக்கம்

தையல் பிரித்துவிட்டு வந்த மறுநாள் மத்தியானம்தான், தன் முதுகுப் பக்கத்தில் ஒரு தையல் மிச்சம் இருப்பதைத் தையற்காரி கண்டாள்.

களிம்பு தடவுவதற்காகக் கைக்கண்ணாடியை இடுப்புக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் பாதி திரும்பி உட்கார்ந்திருந்தாள். இடது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகை நோக்கிச் சாய்ந்து போன வடு, புதுத்தோல் மூடி இளஞ்சிவப்பாக மினுங்கியது. அதில் ஒரு குறையும் இல்லை. வடு முடிந்த இடத்துக்கு அப்பால், கத்தியே படாத தோலில், ஒரே ஒரு தையல் இருந்தது. டாக்டர் போட்டது நீல நைலான். ஒவ்வொன்றின் மேலும் ஒரு முடிச்சு, முடிச்சுக்குப் பூனை மீசை மாதிரி இரண்டு வால். நர்ஸ் அவற்றைக் கத்தரித்துப் பிடுங்கித் தட்டில் போட்டதை இவளே எட்டிப் பார்த்திருந்தாள். இது வெள்ளை நூல். மெல்லியது. முடிச்சைக் காணோம்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் எதைத்தான் ஒழுங்காக முடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள் அவள். அவள் வைத்த காலர் வருஷக் கடைசிவரை நிமிர்ந்து நிற்கும். அவளும் அப்படித்தான் என்பது தெருவின் கருத்து. அளவு எடுக்கும்போது எவருடைய தொப்பையையும் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டதில்லை. அப்படிப்பட்டவளுக்கு இடது சிறுநீரகத்தில் கட்டி வந்து, அது புற்றுக்கட்டியேதான் என்று தெரிந்து, சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்றதும், அளவு கொடுத்தவர்கள் அத்தனை பேரும் பார்க்க வந்தார்கள். நோயாளியைப் பார்க்க என்பதைவிட நோயைப் பார்க்க என்று சொன்னால் பொருத்தம். பன்னையும் பழத்தையும் மேசையில் வைத்துவிட்டு, நைட்டியின் இடது பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி ஒருபடி மேலே போய், ஒத்தைச் சிறுநீரகத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிறவர்கள் கூட இருக்கிறார்கள் என்று தைரியம் சொன்னாள். பிறகு வாசலில் செருப்பைத் தேடும்போது, நாளைக்கு அந்தப் பக்கத்துக்கும் வந்துவிட்டால் என்ன செய்வார்களோ என்று மெதுவாக விசாரித்தாள். கட்டில்வரைக்கும் கேட்கிற அளவுக்கு மெதுவாக.

அந்தப் பக்கம். அன்றிலிருந்து தையற்காரிக்கு உடம்பு என்றால் அந்த வலது பக்கம் மட்டும்தான். தூங்கினாலும் விழித்திருந்தாலும் வலது கை அதன்மேல் பொத்தியபடியே இருந்தது. இருப்பது ஒன்று, அதை வைத்துத்தான் இனி எல்லாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். எடுத்த இடம் அப்படியே பள்ளமாகக் கிடக்குமா என்று அவள் கேட்டதற்கு அவர் சிரித்தார்.

"காலியா எதுவும் இருக்காதும்மா. பக்கத்துல இருக்கிறது நகர்ந்து வந்து உக்காந்துக்கும்."

உட்கார்ந்துகொள்ளும் என்ற அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கணவர் லாரி ஓட்டுகிறவர். மனைவியைக் கட்டிலில் சேர்த்து, காவலுக்குத் தன் அக்காவை வரவழைத்துவிட்டு ஓட்டத்துக்குப் போய்விட்டார். அந்த நாத்தனார் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். விடுதிதான் அவளை விட்டது, அவள் விடுதியை விடவில்லை. தண்ணீர் குடிக்க ஒரு மணி, நடக்க ஒரு மணி, மாத்திரைக்கு ஒரு மணி. அழுவதற்கு மட்டும் மணி ஒதுக்கவில்லை, ஆகவே அது நடக்கக்கூடாது. பாதியில் நின்ற யூனிஃபார்ம்களையும் தானே முடித்துத் தருவதாக முன்னறையில் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த தையல், ஆடு நடந்த தடம்போலக் கோணும். அந்த மெஷின் திணறித் திணறி ஓடுவதைக் கேட்கக் கேட்கத் தையற்காரிக்குப் பல் கூசியது. கிழித்தது இடுப்பையா கடையையா என்று தெருவில் ஒரு கேள்வியும் நடமாடியது.

அடுத்த மத்தியானம் கண்ணாடியில் பார்த்தபோது அந்தத் தையல் தனியாக இல்லை. பக்கத்தில் இன்னொன்று, அதை ஒட்டி இன்னொன்று. வரிசையாக, முதுகெலும்பை நோக்கி.

முதல் சந்தேகம் நாத்தனார்மேல்தான் விழுந்தது. வேறு யார்மேல் விழும்? சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிற மாத்திரை ஆளை அடித்துப் போட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்து தைக்கிறாளோ? ஆனால் கோணல் இல்லையே. ஒவ்வொரு தையலும் அரிசி அளந்த மாதிரி ஒரே நீளம். நாத்தனார் ஏழு ஜன்மம் எடுத்தாலும் அப்படித் தைக்கமாட்டாள். பயத்துக்கு நடுவிலும் தையற்காரிக்கு அந்த நியாயம் தோன்றியது.

மறுநாள் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, பிறகு துப்பிவிட்டு, அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு படுத்தாள். மத்தியானத்தின் அசட்டு அமைதி வீட்டுக்குள் இறங்கியது. களிம்பின் கற்பூர வாசனையும், முன்னறையிலிருந்து வந்த கஞ்சிபோட்ட புதுத்துணி வாசனையும், மெஷின் எண்ணெயின் மக்கிய நெடியும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டின. ஜன்னல் திரையின் நிழல் சுவரில் ஏறி இறங்குவதையும், எதிர்வீட்டுக் குழாயில் யாரோ வாளி நிறைப்பதையும் கவனித்தபடி, வலது கையை அந்தப் பக்கத்தில் பொத்திக்கொண்டு, கண்ணை மூடாமல் கிடந்தாள். வாளி நிறைந்தது. மெஷின் நின்றது. நாத்தனார் குறட்டை விடத் தொடங்கினாள்.

அப்போது கேட்டது. தடித்த துணிக்குள் ஊசியை நுழைத்து நூலை முழுநீளத்துக்கு இழுக்கும் சத்தம். ஸ்ர்ர்ர். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஸ்ர்ர்ர். வாழ்நாள் முழுவதும் தன் மடியில் கேட்ட சத்தம் அவளுக்குத் தெரியாதா? தலையணைக்கடியில் தேடினாள். மெத்தையில் காதை வைத்தாள். சுவரில் வைத்தாள். எங்கே வைத்தாலும் அதே தூரத்தில் கேட்டது. வலியில்லை. முதுகுத் தோல் மட்டும், ஒவ்வொரு இழுப்புக்கும், உள்பக்கமாகச் சின்னதாய்ச் சுருங்கியது.

கண்ணாடியைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நூல் தோலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது, எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. வெளியே ஒரு முடிச்சும் இல்லை. எந்தத் தையற்காரிக்கும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. முடிச்சு எந்தப் பக்கமோ, தைக்கிற ஆள் அந்தப் பக்கம்.

அவள் தலையணை உறைக்குள் செருகி வைத்திருந்த சின்னக் கத்திரியை எடுத்தாள். நூல் முனை சிக்கவில்லை. நகத்தால் நெம்பினாள். கத்திரியை நுழைத்தாள். சிவப்பாக ஒரு கோடு இறங்கி நைட்டியில் பரவியது. கையிலிருந்த கண்ணாடி தரையில் விழுந்த சத்தத்தில் நாத்தனார் எழுந்து, தாழ்ப்பாளே பிடுங்கிக்கொள்ளும்படி கதவை இடித்தாள்.

நர்ஸ் வரவழைக்கப்பட்டாள். பஞ்சால் துடைத்துப் பார்த்தாள். தையலெல்லாம் அன்றைக்கே எடுத்தாகிவிட்டது, இது வெறும் கீறல் என்றாள். நரம்பு ஆறும்போது சுருக்குச் சுருக்கென்று இழுக்கும், எல்லாருக்கும் உள்ளதுதான், இவ்வளவு பெரிய நோயிலிருந்து தப்பித்தவர்கள் மனசு தெளியவும் நாளாகும் என்றாள். இங்கே பாருங்கள் என்று தையற்காரி அவள் விரலைப் பிடித்து நூலின் மேலேயே வைத்தாள். நர்ஸின் விரல் நூலைத் தடவிக்கொண்டே போனது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பாவம் என்ற பாவனை மட்டும்.

நர்ஸ் போனதும் நாத்தனார் கத்திரி, ஊசிப்பெட்டி, பிளேடு எல்லாவற்றையும் மெஷின் இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏன்க்கா, நம்ப மாட்டீங்களா?"

"நம்பறதா? நாளைக்கு என் தம்பி வந்து, பொண்டாட்டியைப் பாத்துக்கச் சொன்னேனே, தச்சு வச்சிருக்கியேன்னு கேட்டா நான் என்ன சொல்ல? உயிரைக் காப்பாத்திக் கொடுத்தவங்களுக்கு நீ காட்டற நன்றி இது."

தாழ்ப்பாளையும் அன்றைக்கே கழற்றிவிட்டாள். கதவுக்கு இனி வெளிப்பக்கக் கொண்டி மட்டும்.

கீறல் ஆறியது. தையல் நிற்கவில்லை. தினமும் மத்தியானம் அந்த இழுப்பு. ஸ்ர்ர்ர். வரிசை முதுகெலும்பைத் தொட்டது. பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் போனது. வலது பக்கம். பொத்தி வைத்த கைக்கடியில், ஊசிமுனை உள்ளேயிருந்து அவள் உள்ளங்கையை ஒருமுறை தொட்டது. சில்லென்று இருந்தது. கையை எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் வழி விட்டதாகிவிடும் என்று பட்டது. ஊசி கொஞ்சம் காத்திருந்தது. பிறகு, மரியாதை தெரிந்த விருந்தாளிபோல, கையைச் சுற்றிக்கொண்டு போனது.

அந்த வாரம் தெருவில் அவளைப் பற்றி இரண்டு பேச்சு இருந்தது. நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று ஒன்று. எப்போதுமே அப்படித்தான் இருந்தாள், இப்போதுதான் நமக்குத் தெரிகிறது என்று இன்னொன்று. பார்க்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள்.

பிறகு ஒரு மத்தியானம் நாத்தனார் ஒரு காலரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு பக்கமும் சுற்றித் தைத்துவிட்டிருந்தாள். திருப்ப வரவில்லை, துணியில் ஏதோ கோளாறு என்று அவள் கையில் கொடுத்தாள்.

வெகுநாளைக்குப் பிறகு தையற்காரிக்குப் பழைய குரல் வந்தது. திட்டுவதற்கு ஆள் கிடைத்தால் பாதி நோய் குணமாகும்போலிருந்தது.

"துணியில கோளாறு இல்லக்கா. திருப்ப வழி விட்டீங்களா? உள்பக்கத்தை மேல வச்சுத்தான் சுத்தித் தைக்கணும், ஆனா ஒரு இடத்துல ரெண்டு விரல் போற மாதிரி தைக்காம விடணும். அப்புறம் உள்ள அதிகமா இருக்கிறதை வெட்டி எறியணும், இல்லேன்னா தடிச்சுக்கும். கடைசியா அந்த வழியா விரலை விட்டு, தூரத்துல இருக்கிற முனையைப் பிடிச்சு இழுத்தா முழுசும் திரும்பிடும். உள்ள இருக்கிறது வெளிய வரும், வெளிய இருக்கிறது உள்ள…"

நிறுத்திவிட்டாள்.

"உள்ள?" என்றாள் நாத்தனார்.

"கத்திரியைக் குடுங்கக்கா."

"எதுக்கு?"

"சாவியைக் குடுங்க. கால்ல வேணா விழறேன். ஒரே ஒரு தடவை பிரிச்சுடறேன்."

நாத்தனார் காலரை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். பிரிக்க வேண்டியதைத் தானே பிரித்துக்கொள்வதாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னாள். கதவைச் சாத்தினாள். வெளியே கொண்டி விழுந்தது. சற்று நேரத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது.

கண்ணாடியின் உடைந்த துண்டு ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. மழுங்கல், எதையும் அறுக்காது. அதில் பார்த்தாள். வெள்ளை வரிசை முதுகைக் கடந்து, வலது விலாவுக்குக் கீழே வந்து, ஓரிடத்தில் நின்றிருந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கியிருந்தது.

நடுவில் தையல் இல்லை. இரண்டு விரல் அகலம்.

அங்கே தோலின் இரண்டு ஓரங்களும் ஒட்டாமல் நின்றன. ரத்தம் இல்லை. ஓரத்தை யாரோ நேர்த்தியாக மடித்துவிட்டிருந்தார்கள்.

இழுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவள் வலது கையால் அந்த இடத்தை அழுத்தினாள். முழுப் பலத்தோடு. உள்ளே சூடாக இருந்தது. உள்ளே யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு கத்திரி.

கரக்.

அவள் கத்தினாள். மெஷின் ஓடியது.

கரக். கரக்.

நிதானமாக. ஓரத்தை ஒட்டி. வேண்டியதில் கை படாமல், அதிகமானதை மட்டும் எடுக்கிற மாதிரி. வலிக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. வலது பக்கத்தில் எப்போதும் இருந்த ஒரு சின்னக் கனம், இருந்ததென்றே இத்தனை வருஷம் தெரியாத கனம், மெல்ல விடுபட்டது.

அவள் உள்ளங்கையை ஏதோ கீழிருந்து தள்ளியது. கை விலகியது.

இரண்டு விரல்கள் வெளியே வந்தன. வெளுத்து ஊறிய விரல்கள். நுனிகளில் ஊசி குத்தித் தேய்ந்த தழும்புகள். அவற்றின் நடுவே, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், பழுப்புச் சிவப்பாக, ஈரமாக, ஒன்று. அதை விரிப்பில், அவள் பார்க்கும்படி, அலுங்காமல் வைத்தன. அது ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

விரிப்பின் ஓரத்திலேயே விரல்கள் தங்களைத் துடைத்துக்கொண்டன.

பிறகு தேடத் தொடங்கின. வயிற்றின் மேல் ஊர்ந்து, நைட்டியின் மடிப்புகளைத் தடவி, முழங்கையை அளந்து, மணிக்கட்டைத் தாண்டி. அவசரமில்லாமல். தூரத்து முனை எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்களின் விரல்கள்.

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கை வரவில்லை.

சுண்டுவிரலின் நுனியைப் பிடித்தன. ஒருமுறை, இறுக்கம் பார்ப்பதுபோல, மெல்லச் சுண்டிப் பார்த்தன.

உள்ளே இழுத்தன.