எழுபதாயிரம் எழுத்து

வியாழக்கிழமைகளில் மட்டும் கம்ப்யூட்டர் சற்றுக் குறைவாகத் தின்றது. மற்ற நாட்களில் காலைக்கும் மாலைக்கும் நடுவே எழுபதாயிரம் எழுத்துக்கான இடம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து காணாமல் போகும், வியாழனன்று அறுபதாயிரம், ஞாயிறன்று ஒன்றுமில்லை. வைரஸ் தேடியாயிற்று, ஃபைல்களை ஒவ்வொன்றாக எண்ணியாயிற்று. ஃபைல் எதுவும் கூடவில்லை. இடம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

பெங்களூர் அல்சூரில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் சுந்தரராமனுக்கு, தமக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று ஒத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. 1994-ல் ஏசி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர் ஏறக்குறைய மடாதிபதி. அந்த அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வாசலில் கிடக்கும் ஜோடிகளைப் பார்த்துத்தான் உள்ளே ஆள் உண்டா என்று வாட்ச்மேன் அய்யாவு தெரிந்துகொள்வார்.

"இடம் குறையறது சிஸ்டத்தோட சுபாவம் சார்" என்று சுந்தரராமன் டைரக்டரிடம் சொல்லிவைத்தார். டைரக்டர் தலையாட்டினார், அவருக்கும் கம்ப்யூட்டர் தெரியும் என்று பெயர்.

மார்ச் வெயில் காய்ந்த ஒரு சனிக்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு, ஏசியின் ஒரே சுருதி உறுமலையும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையையும் துணைக்கு வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அந்த வியாழக்கிழமை அவருக்கு உறைத்தது. விவேக் நகர் குழந்தை ஏசு கோவில் நவநாள் ஜெபத்துக்காக வியாழன்தோறும் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புகிறவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள்.

மௌரீன். ஒரு நர்சிங் ஹோமின் பத்து வருட நோயாளிப் பதிவேட்டை எட்டு மாதம் உட்கார்ந்து அடித்து ஏற்றியவள். போன ஜூனில் விருந்தினர்களுக்கு வித்தை காட்டப்போய், 'அழிக்கட்டுமா? Y/N' என்று திரை கேட்டதற்கு, படிக்காமலே Y-யை ஸ்டைலாகத் தட்டியவர் சுந்தரராமன். நகல் ஃப்ளாப்பிகளிலோ அவர் ஏற்கெனவே காலனிக்காரர்களின் ஜாதகங்களை ஏற்றியிருந்தார். பழி மௌரீன் மேல் விழுந்தது. விழவைத்தார்.

"டைம் குடுங்க சார், முழுசும் நானே மறுபடி அடிச்சிடறேன். கெட்ட பேரோட மட்டும் அனுப்பாதீங்க."

"நோ மா. சிஸ்டம்னா டிசிப்ளின்."

வாரில் பின் குத்திய செருப்போடு மூன்று நாள் கேட் ஓரம் மழையில் நின்றாள். பிறகு நிமோனியா. பிறகு அவள் அண்ணனிடமிருந்து கறுப்புக் கரை போட்ட ஒரு கார்டு.

இதுவரை தொலைந்த இடத்தைக் கூட்டினார். அழிந்த பதிவேட்டின் அளவே இருந்தது. கடைசி எழுத்து வரை.

டைரக்டருக்கும் அவள் அண்ணனுக்கும் என்று ஒரு கடிதம் அடித்தார். 'அழித்தது நான். மௌரீன் மேல் தவறில்லை.' சேமிக்கும் விசையைத் தட்டினார்.

டிஸ்க்கில் இடமில்லை என்றது திரை.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. சட்டைப் பையில் பேனா இருந்தது. அதை அவர் தொடவில்லை.

ஏசி நின்றது.

பவுடர் வாசனை. ஈரத் துணியின் வாசனை. முதுகுக்குப் பின்னால், அவளுடைய காலி மேஜையில், விசைச் சத்தம். சீராக. அவசரமில்லாமல்.

அவர் திரும்பவில்லை.

கதவுக்கு வெளியே அய்யாவுவின் குரல். "சார், பூட்டணும். கூட யாரு சார் உள்ள?"

"யாரும்... யாரும் இல்லப்பா."

"இல்லியா? ரெண்டு ஜோடி கீதே சார். ஒண்ணு லேடீஸ் செருப்பு. வாருல பின்னு குத்திகீது. மழையே இல்ல, தண்ணி சொட்டுது சார்."

விசைச் சத்தம் நின்றது. நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.

திரையில் அவர் கடிதம் இல்லை. ஒரே ஒரு வரி.

'சுந்தரராமன். அழிக்கட்டுமா? Y/N'

அவருடைய இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன. Y விசை நனைந்திருந்தது. மெல்ல, மிக மெல்ல, கீழே இறங்கியது.