அலீனா குடித்த பாயசம்

ஆம்பூர். காலை ஏழு மணி. எட்டு வயது அலீனா எழுந்து நின்றவள் அப்படியே மயங்கி விழுந்தாள். காய்ச்சலில் கண்கள் சிவந்து, உடம்பெல்லாம் தடித்திருந்தது. மாதா பண்டிகைக்குப் பக்கத்து வீட்டு சவுரியம்மாள் கொடுத்த பாயசத்தை முந்தின நாள்தான் குடித்திருந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய்ச் சண்டை. மகளை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பாயசத்தில் விஷம் என்று நிசார் அஹமது போலீசில் புகார் கொடுத்தார்.

மதியம் இன்ஸ்பெக்டர் ஹேமலதா சவுரியம்மாளை விசாரித்தார்.

"பாயசத்துல இன்னா போட்டீங்க?"

"சேமியா, வெல்லம். நானும்தான் குடிச்சேன். புள்ள எப்படி இருக்குது மேடம்?"

அவரை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நிசாரை அழைத்தார்.

"காய்ச்சல் எப்போலேர்ந்து?"

"மூணு நாளா. கொரோனா இல்லன்னு டெஸ்ட்ல வந்துடுச்சு."

"வீட்ல வேற யாருக்காவது?"

"யாருக்கும் இல்ல. எனக்குத் தோல் தொழிற்சாலையிலயும் பேஜார் மேடம். போன மாசம் அழுகின தோலை நல்லதுன்னு எடுத்துட்டேனாம். ஓனர் இன்னும் திட்றாரு."

"எத்தினி வருஷமா தோல் பாக்குறீங்க?"

"இருபது."

"மோந்து பாத்துதானே எடுப்பீங்க?"

"ஆமா."

ஹேமலதா எழுந்துபோய் வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் ஜான்சனுக்குப் போன் செய்தார். மாலையில் பதில் வந்தது.

"நல்ல வேளை சொன்னீங்க. முதல் டெஸ்ட், கிருமி இப்ப இருக்கான்னுதான் சொல்லும். வந்துட்டுப் போச்சான்னு ஆன்டிபாடி டெஸ்ட் காட்டும். காட்டிடுச்சு. ஸ்கேன்ல இதயமும் பலவீனமா இருக்கு. கொரோனா போன பிறகு சில குழந்தைகளுக்கு இப்படி வரும். மருந்தை மாத்திட்டோம். பிழைச்சுக்குவா."

ஹேமலதா நிசாரிடம் திரும்பினார்.

"பாயசத்துல விஷம் இல்ல பாய். போன மாசம் கொரோனா வந்தது உங்களுக்கு, உங்ககிட்டேர்ந்து புள்ளைக்கு. இருபது வருஷ ஆளு அழுகின தோலை எடுத்தார்னா, மூக்கு வேலை செய்யலன்னு அர்த்தம். ஏன் மறைச்சீங்க?"

"வீட்டுக்குத் தகரம் அடிச்சிடுவாங்க, வேலை போய்டும்னு பயம். புள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரல மேடம்."

"மதியம் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"பாயசம்தான்னு நம்பினா, மனசுக்கு லேசா இருந்துச்சு."

வெளியே வந்தார். சவுரியம்மாள் இன்னும் பெஞ்சில்தான் இருந்தார்.

"புள்ள கண்ணு தொறந்துச்சா பாய்?"

"பிழைச்சுக்குவாளாம்," என்றார் நிசார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். சவுரியம்மாளுக்கு அதற்குக் காத்திருக்க நேரம் இல்லை.

"எழுந்திரு பாய். வேலூர் பஸ்ஸு போய்டும். நானும் வர்றேன், புள்ளய பாக்கணும்."