புதுப் பெட்டியின் இரைச்சல்

புதிதாக மாட்டிய பவர் சப்ளை இரையக் கூடாது. ஆனால் இரைந்தது.

அண்ணனின் பழைய கம்ப்யூட்டரோடு வந்த பவர் சப்ளைப் பெட்டி செங்கல் கனம். உள்ளே இரும்பும் செம்புக் கம்பியுமாக டிரான்ஸ்பார்மர். ஆன் செய்தால் சூடேறி, வாயை மூடிக்கொண்டு ஒருவர் முனகுவதுபோல் இரையும். அண்ணன் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய் மூன்று மாதம். பூட்டிய அறையிலிருந்து முனகல் கேட்கிறது என்று அண்ணி வீட்டையே காலி செய்யக் கிளம்பிவிட்டாள். டிவி, ரேடியோ பழுதுபார்த்துப் பிழைக்கும் தங்கை விடவில்லை. பழைய பெட்டியைப் பிரித்துக் கம்பிச் சுருளை இரண்டாக வெட்டிப் போட்டாள்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல அண்ணி. இந்தப் புதுசு ஸ்விட்ச்சிங் டைப், உள்ள பெரிய டிரான்ஸ்பார்மர் கிடையாது. கையளவுதான். சத்தமே வராது."

"வந்துச்சுன்னா?"

"வந்தா நான் பாத்துக்கறேன்."

வந்துவிட்டது. மழைக்கு இருட்டிய மத்தியான வெளிச்சத்தில், சூடான தூசி வாடைக்கும் பற்றவைத்த ஈயத்தின் புகைக்கும் நடுவே, அந்த முனகல் மேஜைப் பலகை வழியாக ஏறி, அவள் முழங்கையில் அதிர்ந்து, பல்லுக்குள் போய் உட்கார்ந்தது.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

கம்ப்யூட்டரின் சிவப்பு விளக்கு அணையவில்லை. உள்ளே தேங்கிய மின்சாரம் சில நொடி நிற்கும். அது அவளுக்குத் தெரியும். பத்து வரை எண்ணினாள். முப்பது. நூறு.

விளக்கு எரிந்தது. முனகலும் ஓயவில்லை.

"என்னம்மா ஆச்சு?" கதவுக்கு வெளியே அண்ணியின் குரல்.

"ஒண்ணுமில்ல. உள்ள வராதீங்க."

கட்டரை எடுத்து, புதுப் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயரை நறுக்கினாள். முனகல் நின்றது. விளக்கு அணையவில்லை.

பிறகு கீபோர்டில் ஒரு கீ தானாக அமுங்கியது. அடுத்தது. பத்துக் கீகள். அமுங்கியவை எழவில்லை.

நாற்காலி காலியாக இருந்தது. அவள் ஓடவில்லை. நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு மேஜையை நெருங்கி நின்றாள்.

"அண்ணனா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி. இந்த வீட்டை விட்டு அண்ணி போகமாட்டாங்க. நீ போ."

அமுங்கிய கீகள்மேல் தன் பத்து விரல்களையும் வைத்து, முழு பலத்தோடு அழுத்தினாள்.

அடியிலிருந்து பத்து விரல்கள் திருப்பி அழுத்தின.